பழைய பெட்ரோல் பிக்கப்பில் ஐடில் ஏறி நிற்கிறதா? வேக்கம் லீக்கைப் பிடிக்கும் வழி

இஞ்சின் நன்றாகச் சூடாகிவிட்டது. ஆக்சிலரேட்டரில் கால் இல்லை, கியர் நியூட்ரலில் இருக்கிறது. ஆனாலும் 1,300, 1,500 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) என்று ரேஸ் ஆகிக்கொண்டே இருக்கிறது. இந்த நிலையில் முதல் முறை மாட்டிக்கொள்பவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஐடில் (சும்மா நிற்கும்போது இஞ்சின் சுற்றும் வேகம்) ஸ்க்ரூவைத் திருகுகிறார்கள், அல்லது யாரோ சொன்னார்கள் என்று ஒரு சென்சாரை வாங்கி மாட்டுகிறார்கள். ஸ்க்ரூ கோளாறை மறைத்துவிடும். சென்சார் காசைத் தின்றுவிட்டு, ஐடிலை இருந்த இடத்திலேயே விட்டுவிடும்.

பெட்ரோல் இஞ்சின் சும்மா நிற்கும்போது வேகமாகச் சுற்றுகிறது என்றால், தேவைக்கு மேல் காற்று உள்ளே போகிறது என்று பொருள். அந்தக் காற்று வர வழி மூன்றுதான். பட்டர்ஃப்ளை, அதாவது ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறந்து காற்றை உள்ளே விடும் த்ராட்டில் தகடு, முழுதாக மூடாமல் நிற்கலாம். பட்டர்ஃப்ளையைச் சுற்றி ஐடிலுக்கு வேண்டிய காற்றை விடும் ஐடில் வால்வு திறந்தே கிடக்கலாம். இல்லையென்றால் பட்டர்ஃப்ளையைத் தாண்டிய பிறகு எங்கோ ஒரு ஹோஸோ கேஸ்கெட்டோ காற்றை இழுக்கலாம், இதுதான் வேக்கம் லீக். இந்த மூன்றில் எது என்று தெரியும்வரை எந்தப் பாகமும் வாங்க வேண்டாம்.

இது பெட்ரோல் வண்டிக்கு மட்டும். வழக்கமான பழைய டீசலில் காற்றை அடைக்கும் பட்டர்ஃப்ளை கிடையாது, மானிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் குழாய்த் தொகுதி) சொல்லிக்கொள்ளும்படியான வேக்கமும் (உறிஞ்சலும்) இருக்காது. பிரேக்குக்கு வேண்டிய வேக்கத்தைத் தனி பம்ப் தருகிறது. டீசலில் ஐடில் ஏறினால் பார்க்க வேண்டியது ஃப்யூயல் பம்ப், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் பக்கம்.

1. காகிதங்களையும் கருவிகளையும் முதலில் சேர்த்துவிடுங்கள்

பானட்டைத் திறந்து அதன் உட்புறம், ரேடியேட்டர் மேல் சட்டம், ஷாக் அப்சார்பர் மேல்முனை ஆகிய இடங்களில் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். பல வண்டிகளில் ஐடில் ஆர்பிஎம், இக்னிஷன் டைமிங், வேக்கம் ஹோஸ் போகும் பாதைப் படம் மூன்றும் அதில் இருக்கும். தூசியைத் துடைத்துவிட்டுப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டிக்கர் உரிந்துபோயிருந்தால் உங்கள் வண்டியின் ஆண்டுக்கும் இஞ்சினுக்கும் உரிய சர்வீஸ் மேனுவல் வேண்டும். ஒரே மாடலில்கூட ஆட்டோ கியருக்கு ஒரு பாதை, மேனுவல் கியருக்கு வேறு பாதை என்று இருப்பதுண்டு. பக்கத்து வண்டியைப் பார்த்து ஹோஸ் மாட்டாதீர்கள்.

கருவிகள்: வேக்கம் கேஜ் ஒன்று, மல்டிமீட்டர், டார்ச், கையகலக் கண்ணாடி, அரை மீட்டர் ரப்பர் குழாய், வாய் அகலமான பிளையர். அமெரிக்கச் சந்தைக்குச் செய்யப்பட்ட வண்டி 1996 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் ஸ்கேனர் மாட்டும் ஓபிடி-2 சாக்கெட் இருக்கும். அப்படியானால் நேரடி எண்களைக் காட்டும் ஸ்கேனரும் வேண்டும். வெறும் கோளாறுக் கோடு (code) மட்டும் படிக்கும் மலிவு ரகம் இந்த வேலைக்குப் போதாது.

செலவைப் பொறுத்தவரை ஹோஸும் ரப்பர் மூடியும் மிக மலிவு, வேக்கம் கேஜ் அடுத்தது. ஐடில் வால்வு கொஞ்சம் கடிக்கும். மானிஃபோல்ட் கேஸ்கெட்டில் பொருளைவிடக் கூலிதான் அதிகம். கீழே உள்ள வரிசையும் ஏறக்குறைய அதே கணக்கில்தான் போகிறது. நேரத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். காலையில் இஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே தொடங்குங்கள், ஏனென்றால் சில லீக் குளிரில் மட்டுமே வெளிப்படும்.

வேலை முழுவதும் வெட்டவெளியில் நடக்கட்டும். மூடிய ஷெட்டில் இஞ்சினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு தேங்கும். ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஃபேன் பக்கம் சட்டைக் கை, துண்டு எதுவும் தொங்கக் கூடாது.

2. உண்மையிலேயே அதிகம்தானா?

குளிர்ந்த இஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் 1,200 முதல் 1,500 வரை போவது கோளாறு அல்ல, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். சில நிமிடங்களில் படிப்படியாக இறங்க வேண்டும். ரேடியேட்டரின் மேல் ஹோஸ் சூடேறி, ஏசியும் விளக்கும் அணைந்திருக்கும்போது பெரும்பாலான பழைய பிக்கப்புகள் 600 முதல் 850க்குள் நிற்கும். உங்கள் வண்டிக்கான சரியான எண் ஸ்டிக்கரில் இருக்கும்.

டேஷ்போர்டு முள்ளை நம்ப வேண்டாம். பழைய முள் 200 வரை தவறிக் காட்டும். ஸ்கேனரிலோ தனி டேக்கோமீட்டரிலோ பார்த்து, ஆர்பிஎம் எந்த விதத்தில் ஏறுகிறது என்று எழுதி வையுங்கள்:

எப்போதும் ஒரே அளவில் உயர்ந்து நிற்கிறது என்றால் பட்டர்ஃப்ளை, கேபிள், ஐடில் வால்வு, பெரிய லீக் என்று சந்தேகப் பட்டியல் நீளம்.

குளிரில் மட்டும் தடுமாறிச் சூட்டில் சரியாகிறது என்றால் சுருங்கி விரியும் கேஸ்கெட்.

1,000க்கும் 1,800க்கும் இடையே மூச்சு வாங்குவதுபோல ஏறி இறங்குகிறது என்றால் காற்று மிக அதிகம். பட்டர்ஃப்ளை மூடியிருக்கும்போது ஆர்பிஎம் ஒரு எல்லையைத் தாண்டினால், வண்டி சரிவில் இறங்குகிறது என்று கம்ப்யூட்டர் நினைத்துப் பெட்ரோலை நிறுத்திவிடும். ஆர்பிஎம் விழும். மறுபடி பெட்ரோல் விடும், மறுபடி ஏறும். கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று இதைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள், அது தன் வேலையைத்தான் செய்கிறது.

3. ஐடில் ஸ்க்ரூவைத் தொடாதீர்கள்

ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வண்டியில் பட்டர்ஃப்ளை நிறுத்த ஸ்க்ரூ ஐடில் சரிசெய்வதற்கானது அல்ல. பட்டர்ஃப்ளை சுவரில் இடித்துச் சிக்காமல் இருக்க ஆலையில் வைத்த அளவு அது. அதைத் திருகினால், பட்டர்ஃப்ளை எவ்வளவு திறந்திருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் த்ராட்டில் சென்சாரின் மூடிய நிலை வோல்டேஜும் மாறும். கால் எடுத்துவிட்டதாகக் கம்ப்யூட்டர் புரிந்துகொள்ளாமல், ஐடில் கட்டுப்பாட்டையே விட்டுவிடலாம். அதற்குப் பிறகு கோளாறு ஒன்றல்ல, இரண்டு.

வண்டி கைமாறி வந்தது என்றால் முந்தைய கை ஏற்கெனவே அதைத் திருகியிருக்க வாய்ப்பு அதிகம். ஸ்க்ரூ தலையில் பெயின்ட் உடைந்திருக்கிறதா, ஸ்பேனர் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் குறித்து மட்டும் வையுங்கள். லீக்கை அடைத்த பிறகுதான் அதைச் சரிசெய்ய வேண்டும்.

4. கையால் பார்க்க வேண்டிய ஐந்து நிமிட வேலை

இஞ்சின் ஓடும்போது த்ராட்டில் லீவரை விரலால் மூடும் பக்கம் அழுத்துங்கள். ஆர்பிஎம் இறங்கினால் லீக்கைத் தேட வேண்டியதில்லை. கேபிள் இறுகியிருக்கிறது, க்ரூஸ் கண்ட்ரோல் கேபிள் இழுக்கிறது, திரும்பும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது அல்லது பட்டர்ஃப்ளை ஓரத்தில் கரி கட்டியிருக்கிறது. கேபிளில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தளர்ச்சி வேண்டும். பெடலுக்கு அடியில் மிதியடி மடிந்து கிடப்பதும் உண்டு, சிரிக்க வேண்டாம்.

கார்புரேட்டர் வண்டி என்றால் சோக் முழுதாகத் திறந்திருக்கிறதா, ஃபாஸ்ட் ஐடில் கேம் (குளிரில் ஐடிலை உயர்த்திப் பிடிக்கும் படிவைத்த துண்டு) படியிலிருந்து ஸ்க்ரூ இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். சூடான இஞ்சினில் அந்தப் படியிலேயே ஸ்க்ரூ உட்கார்ந்திருந்தால் கோளாறு சோக்கில்தான். ஆக்சிலரேட்டரை ஒருமுறை தட்டினால் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் சோக்கைச் சூடாக்கும் கம்பிக்கு மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள்.

5. கூலன்ட் அளவு

புதிதாக வருபவர்கள் இந்தப் படியைத் தாண்டிப்போவது வழக்கம். இரண்டு காரணங்களுக்காகத் தாண்டக் கூடாது. கூலன்ட் குறைந்து வெப்ப சென்சாரின் முனை காற்றில் நின்றால், இஞ்சின் இன்னும் குளிராக இருப்பதாகக் கம்ப்யூட்டர் நம்பும், ஐடிலை வேண்டுமென்றே உயர்த்தும். அடுத்தது, டொயோட்டாவின் 22ஆர்-இ போன்ற பழைய பிக்கப் இஞ்சின்களில் குளிர் நேரத்துக்கான கூடுதல் காற்றைத் தரும் வால்வு மெழுகால் இயங்குகிறது. சூடான கூலன்ட் அதன் பக்கத்தில் ஓடினால்தான் மெழுகு விரிந்து வழியை மூடும். த்ராட்டில் பாடிக்கு வரும் சிறிய கூலன்ட் ஹோஸில் காற்றுக் குமிழி நின்றுவிட்டால் அந்த வால்வு மூடவே மூடாது.

இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து நிரப்பி, குமிழியை வெளியேற்றுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் தொடவே வேண்டாம். பிறகு ஸ்கேனரில் கூலன்ட் வெப்பத்தைப் பாருங்கள். இரவு முழுவதும் நின்ற வண்டியில் அது வெளிக்காற்றின் வெப்பத்தை ஒட்டி இருக்க வேண்டும், ஓடிய பிறகு 85 முதல் 95 டிகிரி செல்சியஸ் பக்கம் வர வேண்டும். முழுச் சூட்டிலும் 40 என்று காட்டினால் சென்சார், அதன் ஒயர் அல்லது திறந்தே நிற்கும் தெர்மோஸ்டாட்.

6. எந்த வழியாகக் காற்று வருகிறது?

மொத்த வேலையின் திசையையும் தீர்மானிக்கும் சோதனை இது. ஐடில் வால்வின் பாதையை அடைத்துவிட்டு, இஞ்சின் என்ன செய்கிறது என்று பார்ப்பது.

வால்வு இரண்டு போல்ட்டில் மாட்டும் ரகம் என்றால் அதைக் கழற்றி, மெல்லிய அலுமினியத் தகட்டை, குளிர்பான டின் தகடே போதும், கேஸ்கெட் வடிவில் வெட்டி, ஓட்டை போடாமல் நடுவில் வைத்து மறுபடி இறுக்குங்கள். த்ராட்டில் பாடியிலேயே திருகும் ரகம் என்றால் பட்டர்ஃப்ளைக்கு முன்னால் தெரியும் காற்று ஓட்டையை விரலால் மூடலாம். தனியாக ஹோஸில் தொங்கும் ரகத்தில் அந்த ஹோஸைக் கிள்ளினால் போதும்.

அடைத்ததும் ஆர்பிஎம் 500 பக்கம் விழுகிறது அல்லது இஞ்சின் நின்றுவிடுகிறது என்றால் கூடுதல் காற்று ஐடில் வால்வு வழியாகத்தான் வந்தது. அடுத்த கேள்வி, கம்ப்யூட்டர் திறக்கச் சொல்லித் திறந்ததா, அழுக்கில் சிக்கித் திறந்து நிற்கிறதா? ஸ்கேனரில் ஐடில் வால்வு ஸ்டெப் அல்லது சதவீதத்தை, அதாவது எவ்வளவு திறக்கச் சொல்லிக் கட்டளை போகிறது என்ற எண்ணைப் பாருங்கள். கட்டளை பூஜ்யத்துக்கு அருகில் இருந்தும் காற்று போகிறது என்றால் வால்வு சிக்கியிருக்கிறது. த்ராட்டில் பாடி கிளீனரால் சுத்தம் செய்யுங்கள். மோட்டார் பக்கம் திரவம் இறங்காமல் முனையைக் கீழ்நோக்கிப் பிடியுங்கள். முனை ஊசியைக் கையால் அழுத்தவோ இழுக்கவோ கூடாது, உள்ளே இருக்கும் மெல்லிய மரை உடைந்துவிடும். கட்டளையே உயரமாக இருந்தால் யாரோ கம்ப்யூட்டருக்குத் தவறான தகவல் தருகிறார்கள். கூலன்ட் சென்சார், த்ராட்டில் சென்சார், ஏசி சுவிட்ச் என்று வரிசையாகப் பாருங்கள். மூடிய த்ராட்டிலில் சென்சார் சிக்னல் பொதுவாக 0.5 முதல் 1 வோல்ட்டுக்குள் இருக்கும்.

அடைத்தும் ஆர்பிஎம் அசையவில்லை, பட்டர்ஃப்ளையும் மூடியிருக்கிறது என்றால் வேக்கம் லீக்தான், சந்தேகமில்லை. தகட்டை எடுக்க மறந்துவிடாதீர்கள்.

7. வேக்கம் கேஜ் சொல்வது

மானிஃபோல்டில் நேரடியாக இறங்கும் ஒரு துளையில் கேஜை மாட்டுங்கள். பட்டர்ஃப்ளைக்கு மேலே இருக்கும் துளையில் மாட்டினால் ஐடிலில் பூஜ்யம் காட்டும், பதறிவிடுவீர்கள். சூடான, நலமான இஞ்சினில் கடல் மட்டத்தில் 17 முதல் 21 அங்குலப் பாதரசம் வரை முள் ஆடாமல் நிற்கும். உயரம் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் ஏறக்குறைய 1 அங்குலம் குறையும். மலைப்பகுதியில் 15 காட்டினால் அது லீக் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முள் ஆடாமல் தாழ்ந்து நின்றால் லீக் அல்லது இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருக்கிறது. டைமிங் லைட் போட்டுப் பார்த்தால் இரண்டும் பிரிந்துவிடும். சீரான இடைவெளியில் முள் சட்டென்று விழுந்து எழுந்தால் ஒரு வால்வு எரிந்திருக்கலாம், அதை ஹோஸ் மாற்றிச் சரிசெய்ய முடியாது. மெதுவாக மேலும் கீழும் மிதந்தால் காற்று-பெட்ரோல் கலவை சரியில்லை.

8. கண்ணாலும் காதாலும் தேடுவது

பழைய ரப்பர் ஹோஸ் நடுவில் அரிதாகத்தான் வெடிக்கும். அது போவது முனையில். பிளாஸ்டிக் மூக்கில் செருகிய முதல் ஒரு சென்டிமீட்டரில், கீழ்ப்பக்கம், மேலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில். ஒவ்வொரு முனையையும் லேசாக வளைத்துப் பாருங்கள். கீறல் வாய் திறந்து சிரிக்கும். பிறகு விரலுக்கிடையே அழுத்துங்கள். மரக்கட்டைபோல இருந்தாலும் கெட்டது, எண்ணெய் ஊறிப் பிசுபிசுவென்று ஊதியிருந்தாலும் கெட்டது.

பயன்படுத்தாத துளைகளில் மாட்டியிருக்கும் சின்ன ரப்பர் மூடிகளை விட்டுவிடாதீர்கள். கடுகளவு பொருள், வெயிலிலும் சூட்டிலும் காய்ந்து மேல்தலை பிளந்துவிடும். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிடுவதே நல்லது.

பார்க்க வேண்டிய மற்ற இடங்கள்: பிரேக் பூஸ்டர் (வேக்கத்தால் பிரேக் பெடலுக்கு உதவும் டப்பா) ஹோஸ், பிசிவி (இஞ்சின் அடிப்பாக ஆவியை மானிஃபோல்டுக்கு இழுக்கும் வால்வு) ஹோஸின் முழங்கை, ஏசி காற்றுத் திசையை மாற்றும் மெல்லிய குழாய், பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பாவுக்குப் போகும் பர்ஜ் ஹோஸ், டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்கம் அட்வான்ஸ், பழைய ஆட்டோ கியர்பாக்ஸின் மாடுலேட்டர் (வேக்கத்தைப் பார்த்துக் கியர் மாற்றத்தைச் சீராக்கும் பாகம்), ஃபோர் வீல் டிரைவை இணைக்கும் வேக்கம் ஆக்சுவேட்டர். கடைசி இரண்டும் வண்டிக்கு அடியில் இருப்பதால் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. மாடுலேட்டர் ஹோஸைக் கழற்றும்போது உள்ளே சிவப்பு கியர் ஆயில் தெரிந்தால் அதன் டயஃப்ரம் (உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு) கிழிந்திருக்கிறது. இஞ்சின் கியர் ஆயிலையும் சேர்த்துக் குடித்துக்கொண்டிருக்கும்.

அரை மீட்டர் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஹோஸ் ஹோஸாக நகர்த்துங்கள். லீக் அருகே வந்ததும் "ஸ்ஸ்" சத்தம் காதில் பட்டென்று உயரும். ஃபேன் பெல்ட் பக்கம் குழாயைக் கொண்டுபோகாதீர்கள்.

சில வண்டிகளுக்குச் சொந்த நோய் உண்டு. 1997க்குப் பிந்தைய சில ஆண்டுகளின் ஃபோர்டு எஃப்-150 வி8 இஞ்சின்களில், மானிஃபோல்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பிசிவி ரப்பர் முழங்கை எண்ணெயில் ஊறி வேக்கத்தில் உறிஞ்சிப் பிளந்துவிடும். மேலிருந்து தெரியாது. கண்ணாடியை வைத்துப் பாருங்கள், அல்லது கையை விட்டுத் தடவினால் ஓட்டை விரலுக்குப் படும்.

9. ஒவ்வொன்றாகக் கிள்ளுவது

மானிஃபோல்டிலிருந்து கிளம்பும் ரப்பர் ஹோஸ்களை, துணி சுற்றிய பிளையரால் ஒன்றன்பின் ஒன்றாகக் கிள்ளுங்கள். எதைக் கிள்ளும்போது ஆர்பிஎம் விழுகிறதோ, லீக் அந்த ஹோஸின் மறுமுனைப் பக்கம் இருக்கிறது. பிளாஸ்டிக் குழாயைக் கிள்ளாதீர்கள், உடையும். அதைக் கழற்றி, மானிஃபோல்ட் துளையை மூடியால் அடைத்துப் பார்க்கலாம்.

பூஸ்டர் ஹோஸைக் கிள்ளும்போது ஆர்பிஎம் நன்றாக இறங்கினால் பூஸ்டர் டயஃப்ரத்தைச் சந்தேகியுங்கள். இஞ்சினை நிறுத்தி, பெடலை ஐந்தாறு முறை மிதித்து வேக்கத்தைத் தீர்த்துவிட்டு, பெடலை அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்க வேண்டும். இறங்காமல் கல்போல நின்றாலோ, மிதிக்கும்போது கால் பக்கம் காற்றுச் சத்தம் கேட்டாலோ, ஐடில் கவலையை விட்டுவிட்டுப் பிரேக்கை முதலில் சரிசெய்யுங்கள். அந்த வண்டியைச் சாலையில் எடுக்கக் கூடாது.

பிசிவி ஹோஸைக் கிள்ளினால் ஆர்பிஎம் கொஞ்சம் இறங்குவது இயல்பு. அது அளவாகக் காற்றை விடும் வழிதானே. நூற்றுக்கணக்கில் விழுந்தால் வால்வு திறந்தபடியே சிக்கியிருக்கிறது, அல்லது வேறு இஞ்சினுக்கான வால்வை யாரோ மாட்டியிருக்கிறார்கள். வெளியே பார்க்க எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும், உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும் துளையும் வேறு.

10. கேஸ்கெட் பக்கம்: ஸ்பிரே, புகை

ஹோஸ்களில் எதுவும் கிடைக்கவில்லை என்றால் மானிஃபோல்ட் கேஸ்கெட், த்ராட்டில் பாடி அல்லது கார்புரேட்டர் அடிக் கேஸ்கெட், இன்ஜெக்டர் ஓ-ரிங், த்ராட்டில் ஷாஃப்ட் தேய்மானம் ஆகியவை மிச்சம்.

ஸ்பிரே சோதனை பலருக்கும் தெரியும், ஆபத்தும் அதில்தான் அதிகம். கார்ப் கிளீனர் பற்றி எரியும். எக்ஸாஸ்ட் மானிஃபோல்ட் சூடேறுவதற்கு முன், குளிர் ஸ்டார்ட்டில் செய்யுங்கள். தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பிளக் ஒயர், டிஸ்ட்ரிபியூட்டர், ஆல்டர்நேட்டர் மேல் அடிக்காதீர்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனரை இதற்குப் பயன்படுத்தவே கூடாது, சூடான உலோகத்தில் பட்டால் நச்சுவாயு உண்டாகும். இவ்வளவு கவனம் முடியாது என்றால் ஸ்பிரே பாட்டிலில் தண்ணீரை மெல்லிய தூவலாக அடியுங்கள். லீக் இருக்கும் இடத்தில் தண்ணீர் ஒரு கணம் ஓட்டையை அடைக்கும், சத்தம் மாறும். நான் முதலில் தண்ணீரைத்தான் சொல்வேன்.

எதை அடித்தாலும் ஒரு விநாடிக்கு மேல் அடிக்காதீர்கள். ஐந்து விநாடி காத்திருங்கள். ஏர் ஃபில்டர் வாய் ஆவியை இழுத்துக்கொண்டாலும் ஆர்பிஎம் மாறும், அது பொய்த் தடயம். அதே இடத்தில் மூன்று முறை அடித்து மூன்று முறையும் மாறினால்தான் நம்பலாம்.

புகை இயந்திரம் கிடைத்தால் வேலை வெகு சுலபம். இஞ்சினை நிறுத்தி, காற்று வாயை அடைத்து, 1 பிஎஸ்ஐக்கு மிகாத அழுத்தத்தில் புகையை விட வேண்டும். கம்ப்ரஸரை நேரடியாக மாட்டினால் சீல்கள் போய்விடும். ஆயில் மூடி, டிப்ஸ்டிக் பக்கம் புகை வந்தால் பிசிவி வழியாக வந்ததாக இருக்கலாம், சைலன்சரில் வந்தால் திறந்திருக்கும் வால்வு வழியாக. இரண்டும் லீக் அல்ல. த்ராட்டில் ஷாஃப்டில் மெல்லிய இழையாக வந்தால் விட்டுவிடலாம், கொப்பளித்தால் விட முடியாது.

புகையும் ஸ்பிரேயும் காட்டாத ஒரு லீக் உண்டு. 1990களின் டாட்ஜ் 5.2, 5.9 லிட்டர் வி8 இஞ்சின்களில் மானிஃபோல்டின் அடித்தகட்டுக் கேஸ்கெட் உள்பக்கமாகப் போய்விடும். காற்று வெளியிலிருந்து வராது, ஆயில் ஆவியோடு கிராங்க்கேஸிலிருந்து (இஞ்சினின் அடிப்பாகம்) வரும். பிசிவி வால்வைக் கழற்றி அதன் ஹோஸை அடையுங்கள், மறுபக்க பிரீதர் துளையையும் அடையுங்கள். ஐடிலில் ஆயில் மூடித் துளையின் மேல் உள்ளங்கையையோ ஒரு காகிதத்தையோ வையுங்கள். இந்த நிலையில் காற்று அதை மெல்ல வெளியே தள்ள வேண்டும். உள்ளே இழுத்தால் கேஸ்கெட் போய்விட்டது. பட்டர்ஃப்ளையைத் திறந்து டார்ச் அடித்தால் மானிஃபோல்ட் தரையில் ஆயில் தேங்கி மின்னுவதும் தெரியும்.

11. ஸ்கேனர் எண்களைப் படிக்கும்போது விழும் குழி

ஃப்யூயல் டிரிம் என்பது கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்ற எண். "டிரிம் சரியாக இருக்கிறது, ஆகவே லீக் இல்லை" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அது வண்டி எந்த ரகம் என்பதைப் பொறுத்தது.

ஏர் ஃபில்டர் பெட்டிக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே குழாயில் ஒயருடன் ஒரு சென்சார் இருந்தால், அது உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ ரகம். லீக் வழியாக வரும் காற்று அந்த அளவில் சேராது. கலவை வறண்டு (காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லாமல்), இஞ்சின் நடுங்கும், கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும். ஐடிலில் குறுகிய கால, நீண்ட கால டிரிம் இரண்டும் சேர்ந்து +20 சதவீதம், 2,500 ஆர்பிஎம்மில் +3 என்று இறங்கினால் வேக்கம் லீக்கின் கைரேகை அது. எதிர்மாறாக, ஆர்பிஎம் ஏற ஏற டிரிம்மும் ஏறினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர், அழுக்கான ஏர்ஃப்ளோ சென்சார் பக்கம் போங்கள். வி வடிவ இஞ்சினில், கலவை வறட்சியைச் சொல்லும் பி0171, பி0174 என்ற இரண்டு கோளாறுக் கோடும் சேர்ந்து வந்தால் இரு பக்க சிலிண்டர்களுக்கும் பொதுவான இடத்தில் லீக். ஒன்று மட்டும் வந்தால் அந்தப் பக்கக் கேஸ்கெட்டை முதலில் பாருங்கள். இந்தக் கோடைப் பார்த்து ஆக்சிஜன் சென்சார் மாற்றுபவர்கள் ஏராளம். வறட்சியைச் சரியாகச் சொன்ன சென்சாருக்குத்தான் தண்டனை.

மானிஃபோல்ட் அழுத்தத்தை மட்டும் அளக்கும் மேப் சென்சார் ரகத்தில் கதை வேறு. லீக் காற்றால் மானிஃபோல்ட் அழுத்தம் உயரும். அதையும் அளந்து கம்ப்யூட்டர் உரிய பெட்ரோலைத் தந்துவிடும். கலவை சரியாகவே இருக்கும், டிரிம் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும், ஆர்பிஎம் மட்டும் ஏறும். இந்த ரகத்தில் டிரிம்மை விட்டுவிட்டு ஐடில் வால்வு ஸ்டெப்பைப் பாருங்கள். வால்வை முழுதாக மூடிவிட்டு, பூஜ்யத்தில் நின்று கம்ப்யூட்டர் கையைப் பிசைந்துகொண்டிருக்கும். எதிர்பார்த்ததைவிட ஐடில் அதிகம் என்னும் பி0507 கோடு வருவதும் இதனால்தான்.

எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திருப்பி உள்ளே விடும் இஜிஆர் வால்வு திறந்து சிக்கினாலும் வேக்கம் குறையும், இஞ்சின் நடுங்கும். ஆனால் அதன் வழியே வருவது எரிந்த புகை. ஆக்சிஜன் அதிகம் இல்லாததால் ஆர்பிஎம் ஏறாது, இஞ்சின் அணையத்தான் பார்க்கும். நடுக்கம் இருந்து ஐடிலும் தாழ்ந்திருந்தால் அங்கே பாருங்கள்.

12. சரிசெய்யும்போது

ஹோஸ்: உள்விட்டம் சரியாக இருக்க வேண்டும். தளர்ந்த ஹோஸைக் கிளாம்ப் போட்டு இறுக்கிச் சமாளிக்காதீர்கள். பழையதை மூக்கிலிருந்து பிடுங்கினால் பிளாஸ்டிக் மூக்கும் சேர்ந்து வந்துவிடும். பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்தெடுங்கள். ஒன்றைக் கழற்றி, ஒன்றை மாட்டி, பிறகு அடுத்ததற்குப் போங்கள். பிசிவிக்கு எண்ணெய் தாங்கும் ஹோஸ்தான் வேண்டும். ஹீட்டர் ஹோஸ் எண்ணெயில் ஊறிப் பொதபொதத்துவிடும், சிலிகான் ஹோஸும் அங்கே நிலைக்காது. பூஸ்டருக்கு உறிஞ்சலில் சப்பிப்போகாத பிரேக் பூஸ்டர் ஹோஸ் மட்டும். அதில் இருக்கும் ஒருவழி வால்வின் திசையை மாற்றி மாட்டினால் பிரேக்குக்கு வேக்கமே கிடைக்காது.

மானிஃபோல்ட்: கேஸ்கெட்டில்தான் லீக் என்று தெரிந்தால் முதலில் குளிர்ந்த இஞ்சினில் போல்ட்களை டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள். அளவும் வரிசையும் மேனுவலில் உண்டு, பெரும்பாலும் நடுவிலிருந்து வெளியே போகும். சில வண்டிகளில் இதோடு வேலை முடிந்துவிடும். லீக் நிற்கவில்லை என்று மேலும் முறுக்காதீர்கள். அலுமினிய மரை போகும், பிளாஸ்டிக் மானிஃபோல்ட் விரிசல் விடும். கேஸ்கெட் மாற்றுவது வி8 இஞ்சினில் முதல்முறை செய்பவருக்கு ஒரு முழு நாள். கூலன்டை வடிக்க வேண்டும், பழைய கேஸ்கெட் துகள் உள்ளே விழாமல் துளைகளைத் துணியால் அடைக்க வேண்டும். கூலன்ட் ஒரு சொட்டு ஆயிலில் இறங்கியிருந்தாலும் ஆயிலை மாற்றிய பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்ற வேண்டியிருந்தால் ரோட்டர் நிற்கும் திசையையும் அடிப்பாகத்தின் நிலையையும் பெயின்டால் குறித்துவிட்டுக் கழற்றுங்கள், அதன்பிறகு இஞ்சினைச் சுற்றக் கூடாது.

13. முடித்த பிறகு

யாரோ திருகிவைத்த ஸ்க்ரூவை இப்போது மேனுவல் சொல்லும் முறையில் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். கோளாறுக் கோடுகளை அழித்து, கம்ப்யூட்டர் கற்றுவைத்திருந்த பழைய டிரிம்மையும் அழியுங்கள். ஸ்கேனரால் முடியாவிட்டால் பல வண்டிகளில் பேட்டரியின் நெகட்டிவை அரை மணி நேரம் கழற்றி வைத்தால் அழிந்துவிடும். ரேடியோவுக்கு லாக் கோடு இருந்தால் அதைக் கையில் வைத்துக்கொண்டு கழற்றுங்கள். மாட்டியவுடன் ஐடில் கொஞ்சம் தடுமாறும். எந்த லோடும் இல்லாமல் பத்து நிமிடம், ஏசி போட்டு ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள், பிறகு கொஞ்ச தூரம் ஓட்டுங்கள்.

சூடான இஞ்சினில் ஆர்பிஎம் ஸ்டிக்கர் எண்ணை ஒட்டி, வேக்கம் ஆடாமல் 17க்கு மேல் (மலைப்பகுதியில் உயரத்துக்கு ஏற்பக் குறைவு), டிரிம் கூட்டல் கழித்தல் 5 சதவீதத்துக்குள், ஐடில் வால்வு பூஜ்யத்தை விட்டு மேலே வந்திருக்க வேண்டும். நான்கையும் எழுதி வையுங்கள். மறுநாள் காலை குளிர் ஸ்டார்ட்டில், பானட்டைத் திறந்துவைத்து, ரப்பர் குழாயைக் காதில் வைத்து இன்னொரு சுற்று வாருங்கள். கேஸ்கெட் லீக் மிச்சமிருந்தால் முதல் இரண்டு நிமிடத்தில்தான் கேட்கும்.